சர்வீஸில் சாகத் தவறியவனுக்கு

போன வாரம் என் மகன் எனக்கு ஒரு பிரஷர் பார்க்கும் மெஷின் வாங்கி வந்தான். காண்ட்ராக்ட் வேலையில் இருக்கிறவனுக்கு அது சின்னச் செலவில்லை. பட்டையை என் கையில் சுற்றி, பட்டனை அழுத்திவிட்டு, எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான். மெஷின் உறுமிக்கொண்டே என் கையை நெரித்தது. அவன் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எண் நின்றதும், "நார்மல்தாம்பா" என்றான். அந்தக் குரலில் இருந்தது நிம்மதியா, துளி அளவுக்கு ஏமாற்றமா என்று எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

உடனே உன் ஞாபகம் வந்துவிட்டது. நீ இருந்திருந்தால் தொடையைத் தட்டிச் சிரித்திருப்பாய். "நீயும் என் கதைக்குள்ள வந்துட்டியா? வாய்யா, வந்து குந்து" என்று இடம் ஒதுக்கிக் கொடுத்திருப்பாய். ஆமாம், வந்துவிட்டேன். எனக்கும் ரிடையர்மென்ட் பக்கத்தில் வந்துவிட்டது. பிள்ளை இன்னும் பர்மனென்ட் ஆகவில்லை. பிரஷர் மட்டும் வெட்கமே இல்லாமல் நார்மலாக இருக்கிறது.

நிலக்கரி மைன்ஸில் நீயும் நானும் ஒரே ஷிப்ட். கன்வேயர் பெல்ட் ஓடும்வரை நமக்கு வேலை இல்லை, நின்றால்தான் வேலை. அதனால் பேச நேரம் நிறைய இருந்தது. மற்றவர்கள் ஜாதகம் பார்த்தார்கள். நீ கதை பார்த்தாய். டவுன்ஷிப்பில் இருக்கிற ஒவ்வொரு ஆளும் தனக்கே தெரியாமல் ஏதோ ஒரு பழங்கதைக்குள் குடியிருக்கிறான், அது எந்தக் கதை என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் உன் பொழுதுபோக்கு. முத்தாண்டிக்குப்பத்தில் கூத்துப் பார்த்து வளர்ந்தவன் நீ. புராணம், ராஜா ராணிக் கதை, பேய்க்கதை எல்லாம் உன் மூளைக்குள் ஒரே மூட்டையாகக் கிடந்தது. கையை விட்டால் யாருக்கும் அளவான சட்டை ஒன்று வெளியே வரும்.

நம் சூப்பர்வைசரை நீ ராட்சசன் என்றாய். திட்டுகிறாய் என்று நினைத்தேன். "இல்லய்யா, ராட்சசனுக்கு உயிரு ஒடம்புல இருக்காது. ஏழு கடலு தாண்டி ஒரு கிளிக்குள்ள இருக்கும். இந்தாளுக்கு உயிரு ப்ரமோஷன்ல இருக்குது" என்றாய். அந்த வருஷம் ப்ரமோஷன் லிஸ்டில் அவர் பெயர் வரவில்லை. மறுநாள் வேலைக்கு வந்தவர் நடந்தார், பேசினார், டீ குடித்தார். நீ என் காதில், "கிளி கழுத்தத் திருவிட்டானுங்க பாரு" என்றாய். அதற்குப் பிறகு அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

உங்கள் பிளாக்கில் ஒரு அம்மாள் இருந்தாள். பெண்ணுக்கு வரன் அமையவில்லை என்று கோயில் கோயிலாக அழுதவள். வருகிற வரனையெல்லாம் மூக்கு கோணல், குடும்பம் கோணல் என்று விரட்டியவளும் அவள்தான். "கோபுரத்துல ராசகுமாரியப் பூட்டி வெச்ச கெழவி இவதான். சாவியத் தொலைச்சிட்டேன்னு சொல்லிக்கினே இடுப்புல சொருவி வெச்சிருக்கா" என்றாய். அந்தப் பெண்ணுக்குக் காதோரம் நரைத்துவிட்டது. இப்போதும் மாலையில் ஜன்னலில் நிற்கிறாள்.

எனக்கும் ஒன்று ஒதுக்கினாய். ராஜாவுக்குக் கழுதைக் காது என்று தெரிந்துகொண்டு, வெளியே சொல்ல முடியாமல் வயிறு ஊதி, கடைசியில் குழி தோண்டி அதற்குள் வாயை வைத்துக் கத்தினானே, அந்த ஆள் நான். "உனக்கு என்னா கவலை? இம்மாம் பெரிய குழிய நோண்டியே குடுத்திருக்காங்க, போய்க் கத்துய்யா" என்று மைன்ஸைக் காட்டினாய். ஷிப்ட் மொத்தமும் சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு வழி?

ஒருநாள் கேட்டேன், எதற்கு இந்த வேண்டாத வேலை என்று. நீ பெல்ட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "கதையில எல்லாம் வெளியில நடக்குது. தலைய வெட்றான், சாபம் குடுக்கறான், பெத்த புள்ளய காட்டுல வுட்டுட்டு வரான். நமக்கும் அதேதான்யா நடக்குது. சட்டைக்குள்ள நடக்குது. அதான் ரத்தம் தெரியல."

நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் சத்தமாகச் சொல்லாத ஒரு கணக்கு உண்டு. அப்பன் சர்வீஸில் இருக்கும்போது இறந்தால் பிள்ளைக்கு வேலை கிடைக்க வழி இருக்கிறது. ரிடையரான மறுநாள் இறந்தால் மாலை மட்டும்தான். சாவு வீட்டுக்கு வருகிறவர்கள் என்ன வியாதி என்று இரண்டாவதாகத்தான் கேட்பார்கள். "சர்வீஸ்ல இருந்தாரா?" என்பது முதல் கேள்வி. ஆமாம் என்று பதில் வந்தால் முகத்தில் ஒரு சாந்தம் படரும். இல்லை என்றால்தான் உண்மையான துக்கம்.

உனக்குக் கடைசி வருஷத்தில் நெஞ்சு மக்கர் பண்ணியது. டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். உன் மகன் பாலு அப்போது காண்ட்ராக்டில் இருந்தான். மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு பெண்ணை அவனுக்குப் பிடித்திருந்தது, அவளுக்கும் அவனை. பெண்ணின் அப்பாவுக்குப் பர்மனென்ட் என்ற சொல்லை மட்டும்தான் பிடித்திருந்தது. உன் நெஞ்சுவலி, பாலுவின் கல்யாணம், உன் ரிடையர்மென்ட் தேதி, மூன்றும் ஒரே வீட்டில் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தன. யாரும் எதுவும் பேசவில்லை. நீ சும்மா இருப்பாயா?

அந்த ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தாய். கட்டிக்கொடுத்த மகளும் வந்திருந்தாள். உன் வீட்டுக்காரி அஞ்சலை கறிக்குழம்பு வைத்திருந்தாள். நீ ஒரு எலும்பை உறிஞ்சிக்கொண்டே கதையை ஆரம்பித்தாய். ஒரு ராஜா சாபத்தால் ஒரே நாளில் கிழவனாகிவிடுகிறான். ஆசைக்கு மட்டும் வயசாகவில்லை. பெற்ற பிள்ளைகளை நிற்கவைத்து, உங்கள் இளமையை எனக்குக் கொடுத்துவிட்டு என் கிழத்தனத்தை வாங்கிக்கொள்ளுங்கள் என்று கேட்கிறான். எல்லோரும் மறுக்க, ஒரே ஒரு மகன் சரி என்கிறான்.

"எனக்கு உங்க எளம வாணாம், நீங்களே வெச்சிக்குங்க" என்றாய். "நான் திருப்பிக் கேக்கறேன். ரிடையர்மென்டுக்கு முந்தி நான் போய்ச் சேந்தா பாலுவுக்கு வேலை. அப்பறம் போனா ஒண்ணும் இல்ல. எப்பப் போவட்டும்? வெக்கப்படாம ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க."

அஞ்சலை கரண்டியை ஓங்கினாள். "சோத்துல குந்திக்கினு பேசற பேச்சா இது? ஒன் வாயில கொள்ளிய வெக்க!"

நீ என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். "ஒரு ஓட்டு வுழுந்துடுச்சு பாரு."

அவள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். உன் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "நீ நூறு வருசம் இருக்கணும்பா" என்றாள்.

"ஒனக்கு என்னாம்மா, கட்டிக்கினு போயிட்ட. நூறு வருசம் நீ தாராளமா குடுப்ப" என்றாய்.

என்னைக் கேட்டாய். எனக்கு இன்னொரு துண்டு கறி வேண்டும் என்றேன். சிரிக்கவைப்பதற்காகச் சொன்னது, யாரும் சிரிக்கவில்லை.

பாலு தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். நீ காத்திருந்தாய். அவன் விரல் சோற்றில் ஒரு கோடு போட்டது, அழித்தது, திரும்பவும் போட்டது. பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான்: "ரசம் எடுத்தாம்மா."

கை கழுவும்போது குழாயடியில் நீ என்னிடம் சொன்னாய். "அந்தக் கதையில ஒரே ஒரு மவன்தான் சரின்னான். எம் வூட்ல இருக்கறதே ஒரே ஒரு மவன்தான், அவனும் போவ வாணாம்னு சொல்லல."

அதற்கப்புறம் நீ செய்ததை எந்த அரக்கனும் செய்யமாட்டான். தினமும் ஷிப்ட் முடிந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "டேய் பாலு, இன்னிக்கும் வந்துட்டன்டா" என்று குரல் கொடுப்பாய். அவன் தண்ணீர் கொண்டுவந்து வைப்பான். மாத்திரையைப் பிரித்து உள்ளங்கையில் வைப்பான். ஒரு வேளை தவறவிட்டதில்லை. உன்னை உயிரோடு வைத்திருக்க அந்த வீட்டில் அவனைப்போல உழைத்தவர் யாரும் இல்லை. உனக்கும் அது தெரியும். மாத்திரையை விழுங்கிவிட்டு அவனுக்கு வாயைத் திறந்து காட்டுவாய், ஆஸ்பத்திரியில் நர்ஸுக்குக் காட்டுவதுபோல. பிளாக்கில் யாராவது, "அப்பா எப்படி இருக்காரு?" என்று கேட்டால், "நல்லா இருக்காருங்க" என்று குனிந்துகொண்டே சொல்வான். கேட்டவர்கள், "ஐயோ பாவம்" என்கிற மாதிரி அவன் முதுகைத் தட்டுவார்கள்.

நீ ரிடையரானாய். சந்தன மாலை, சால்வை, குத்துவிளக்கு, எல்லாம் முறைப்படி. வாழ்த்திப் பேச என்னைக் கூப்பிட்டார்கள். நகைச்சுவையாகப் பேசுவேன் என்று எனக்கு ஒரு கெட்ட பெயர் இருக்கிறதே! "நண்பர் முழு ஆரோக்கியத்துடன் விடைபெறுகிறார்" என்றேன். மண்டபம் கைதட்டியது. கடைசி வரிசையில் பாலுவும் தட்டினான். எனக்கு அவன் தட்டிய சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது.

அடுத்த முகூர்த்தத்தில் மேல்பட்டாம்பாக்கத்துப் பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை பர்மனென்ட். அவனுடைய அப்பா சரியான நேரத்தில் இறந்தவர்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்து மந்தாரக்குப்பத்தில் மாடி வீடு ஒன்றுக்கு வாடகைக்குப் போனீர்கள். நான் பலாச்சுளை வாங்கிக்கொண்டு ஒரு மத்தியானம் வந்தேன். அஞ்சலை கடைக்குப் போயிருந்தாள், பாலு வேலைக்கு. நீ இளைத்திருந்தாய். சுளையை எடுத்துக் கொட்டையை நீக்கிக்கொண்டே, யாரிடமும் சொல்லாததைச் சொன்னாய்.

"எங்கப்பன் சர்வீஸ்லதான் செத்தாரு, தெரியுமில்ல? ஆஸ்பத்திரி வராண்டாவுல நான் நெஞ்சில அடிச்சிக்கினு அழுவறேன். பொய் அழுவ இல்லய்யா, நெஜமா அழுவறேன். உள்ள ஒருத்தன் காலு மேல காலு போட்டுக்கினு, 'வேலை ஆர்டரு எப்ப வரும்?'னு கேக்கறான். அவனும் நாந்தான். அன்னிக்குத்தான் எனக்குக் கதைங்கல்லாம் வெளங்குச்சு. பத்துத் தலைன்னா என்னான்னு வெளங்குச்சு."

கொட்டையைத் தட்டில் போட்டுவிட்டு நீயே தொடர்ந்தாய்.

"பாலு ஒரு பொய்யி சொல்லியிருக்கலாம். தங்கச்சி மாதிரி நூறு வருசம்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம். சொல்லல. என் மொவத்துக்கு நேரா பொய் சொல்ல அவனுக்கு வாய் வரல. எனக்கு அன்னிக்கு என்னா பெருமையா இருந்துச்சு தெரியுமா?"

"அதை அவன்கிட்ட சொல்லேன்யா! புள்ள ஒரு வருஷமா உன் மூஞ்சியப் பார்க்க முடியாம சுத்தறான்."

"நான் சொல்லமாட்டேன். நான் போன பின்னால நீ சொல்லு. ஒடனே சொல்லிடாத, கொஞ்ச நாளு வேவட்டும். சர்வீஸு பூரா நான் வெந்துகினுதான் இருந்தேன். எனக்கு யாரு வந்து சொன்னாங்க?"

"எப்பச் சொல்றது?"

"ஒனக்குத் தோணறப்ப." பிறகு சிரித்தாய். "உன் வாயில எதுவும் நிக்காதுன்னு தெரிஞ்சுதான உங்கிட்ட வுட்டுட்டுப் போறேன்."

அந்த மழைக்காலத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டாய். ஊர் உண்மையாகவே துக்கப்பட்டது. காரியம் முடிந்த அன்று, மொட்டைத் தலையோடு பாலு என்னை ஓரமாக அழைத்துப் போனான்.

"மாமா, அன்னிக்குச் சாப்பாட்டுல அப்பா ஒண்ணு கேட்டாரே. நான் ரசம் கேட்டேன்."

"ம்."

"அதப் பத்தி உங்ககிட்ட ஏதாவது சொன்னாருங்களா?"

உன் கணிப்பு தப்பிவிட்டது, நண்பா. "இல்லியேப்பா" என்றேன். என் வாழ்நாளில் முதல்முறையாக என் வாயில் ஒன்று நின்றது.

இப்போது ஞாயிறுதோறும் வீட்டுக்கு வருகிறான். உன்னைப் பற்றி ஏதாவது சொல்லச் சொல்லிக் கேட்கிறான். சூப்பர்வைசர் கதை, ஜன்னல் பெண் கதை, எல்லாம் சொல்கிறேன். சிரிக்கிறான். சிரித்து முடித்த பிறகும் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறான். இரக்கம் வராமலில்லை. நாக்கு நுனிவரை வந்துவிடும்.

அப்போதுதான் முருங்கை மரத்துப் பேய்க் கதை நினைவுக்கு வரும். ராஜா பிணத்தைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறான். அதற்குள் இருக்கும் பேய் கேள்வி கேட்கிறது. தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். சொல்லிவிட்டாலோ பேய் தோளைவிட்டுப் பறந்து மரத்துக்கே போய்விடும். சின்ன வயதில் அந்தக் கதையில் எனக்குப் பயம் பேயைப் பார்த்துத்தான். ராஜாவின் தோள் திடீரென்று வெறுமையாகிற இடம்தான் பயங்கரம் என்று இந்த வயதில்தான் தெரிகிறது. ஒரு வார்த்தை சொன்னால் உன் மகனுக்கு விடுதலை. அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் எதற்கு வரப்போகிறான்? நீ என்னிடம் விட்டுவிட்டுப் போனது அது ஒன்றுதான், அதையும் கொடுத்துவிட்டால் உன்னுடையது என்று என்னிடம் என்ன மிஞ்சும்?

நேற்றும் வந்திருந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. "அப்பா கடைசியில வேற எதுவுமே சொல்லலைங்களா மாமா?" என்றான். "ரொம்ப நல்ல மனுஷன்பா" என்றேன். டீயைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனான்.

என் தலை இன்னும் வெடிக்கவில்லை. முடிதான் கொட்டியிருக்கிறது. நீ நன்றாகக் கனக்கிறாய். இருந்துகொள், உன் பிள்ளை இன்னும் கொஞ்ச நாள் வேகட்டும்.