துடைக்காத பெயர்

வெள்ளி இரவு.

மதியம் ஏரிக் காற்றில் கண்ணயர்ந்திருந்தேன். நாத்தனார் கலா போனோடு வந்து எழுப்பினாள். தன் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்க்க, நான் புரோகிராம் எழுதும் லேப் சைட்டில் நுழைந்திருக்கிறாள்.

"அண்ணி, இன்னா இது? எதிர்வூட்டு கோமதி பேரு கீது. முழுகாம கீறாளாம்!"

தூக்கம் போய்விட்டது. சற்று முன் கோமதி நுழைந்தபோது பக்கம் பாதியில் பிழையாகி நின்றிருக்கிறது. ஒருவர் பார்த்து முடித்ததும் அவர் அடையாளத்தைத் துடைக்கும் புரோகிராம் வரியை, பிழை வந்தால் ஓடாத இடத்தில் வைத்திருந்தேன். அவளைக் கவனித்த ஜாவா த்ரெட், அதாவது சர்வரின் வேலையாள், அவள் பெயரோடே மற்ற த்ரெட்கள் காத்திருக்கும் பூலுக்குத் திரும்பி, அடுத்து வந்த கலாவையும் கோமதி என்றே நம்பிவிட்டது.

மேனேஜரிடம் சொன்னேன். வரியை மாற்றினேன். கோமதியிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

சாயங்காலம் அவளே வந்தாள். "ரிப்போர்ட்டு தொறக்கவே மாட்டேங்குதுக்கா. பேஜாரா கீது."

"இப்போ பாரு."

பார்த்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அவருக்குக்கூட இன்னும் சொல்லல. ஒனக்குத்தான்க்கா மொதல்ல சொல்றேன்."

நானும் கலாவும் அப்போதுதான் கேட்பதுபோல் ஆச்சரியப்பட்டோம்.

கண் செருகுகிறது. அவளுடைய சந்தோஷம் மதியத்திலிருந்து என்மேல் துடைக்காமலே கிடக்கிறது.