சரிவில் நின்ற அம்மாவுக்கு

அம்மா,

ஞாயிற்றுக்கிழமை மலையிலிருந்து வந்ததும் கையுறைகளைக் கழற்றி ஹீட்டரின் மேல் காயப் போட்டேன். சற்று நேரத்தில் ஈரத் தோலும் கம்பளியும் சூடேறுகிற மணம் அறை முழுக்கப் பரவிவிட்டது. நாங்கள் முன்பு இருந்த செயின்ட்-மிஷேல் வீட்டில் பனிக்காலத்துப் பின்னேரங்கள் இப்படித்தான் மணக்கும். சப்பாத்தைக் கழற்றவும் மனம் வராமல் கதிரையில் அப்படியே இருந்தேன். முதுகு நொந்தது. உங்கள் வயதில் மலையில் நிற்கிற இந்த வேலையை எப்படிச் செய்தீர்கள் என்று கேட்க வேண்டும் போலிருந்தது. நீங்கள் போனபின் வரும் இரண்டாவது பனிக்காலம் இது.

எங்கள் வீட்டுக்குள் ஸ்கீ என்கிற பனிச்சறுக்கு வந்தது பள்ளிக்கூடச் சுற்றுலாவால். அன்று என்னைப் பார்த்த பயிற்சியாளர் உங்களுக்குத் தொலைபேசியில் சொன்னாராம், இந்தப் பிள்ளைக்குப் பயமே இல்லை என்று. அது பாராட்டா முறைப்பாடா என்று விளங்காமல் நீங்கள் பிரெஞ்சில் ‘மெர்சி’ என்று நன்றி மட்டும் சொல்லி வைத்துவிட்டீர்கள். அடுத்த பனிக்காலம் நான் ஒரு கிளப்பில் இருந்தேன். அப்பா டவுன்டவுன் உணவகத்தில் சனி இரவு வேலை முடித்து விடியத்தான் வந்து படுப்பார். ஆகவே ஞாயிறு காலையில் கார் ஓட்டுவது உங்கள் தலையில் விழுந்தது. வாரம் முழுக்கக் கார்டரி என்கிற குழந்தைகள் காப்பகத்தில் மற்றவர்களுடைய பிள்ளைகளைத் தூக்கிய கையோடு, தேவாலயப் பூசையைச் சனி பின்னேரத்துக்கு மாற்றிவிட்டு, இருட்டோடு வடக்கே மலைக்குக் காரை விட்டீர்கள். வழியில் கொட்டாவி வரும்போதெல்லாம் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்குவீர்கள். குளிர் என்று நான் கத்துவேன்.

கிளப்பில் பெற்றோரும் ஏதாவது வேலை செய்ய வேண்டும். உங்களுக்கு ஸ்கீயில் நிற்கவும் தெரியாது. அதனால் ஓடுபாதையின் ஓரமாக நடந்து ஏறி, ஒரே இடத்தில் நின்று பார்க்கிற வேலையைக் கொடுத்தார்கள். ஸ்லாலம் ஓட்டத்தில் சிவப்பும் நீலமுமாகக் கம்புகள் நட்டிருக்கும். அவைதான் வாசல்கள். ஓடுகிறவளின் இரண்டு ஸ்கீயும் கம்பைச் சுற்றிப் போக வேண்டும். ஒன்று உள்ளும் மற்றது வெளியுமாகப் போனால் அந்த ஓட்டம் செல்லாது. உங்கள் பகுதியில் யாராவது அப்படித் தவறினால் அவளுடைய இலக்கத்தைக் குறித்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். மன்னாரில் இருக்கும் சின்னம்மாவிடம் நீங்கள் தொலைபேசியில், “நான் மலையிலை வாசல் பாக்கிறனான்” என்றதைக் கேட்டு, அங்கே ஏதோ கோயில் இருக்கிறதென்று அவ நெடுநாள் நினைத்திருந்தா.

அப்போது எனக்குப் பதினேழு வயது. மாகாண அணிக்குப் பெண்களைத் தெரிவு செய்யும் ஓட்டம். முதல் ஓட்டத்தில் நன்றாக வந்திருந்தேன். மத்தியானம் மேகம் இறங்கி, பனி தூறி, சரிவில் மேடும் பள்ளமும் ஒரே வெள்ளையாகிவிட்டது. இரண்டாவது ஓட்டத்தில் நான் எதையும் பார்க்கவில்லை, காலால் உணர்ந்துதான் போனேன். கம்புகள் முழங்கையிலும் தாடையிலும் வந்து அடித்தன. நடுச் சரிவில் நீங்கள் நின்றதைக்கூடக் காணவில்லை. கீழே வந்து நின்றபோது இரண்டாம் இடம். அணியில் எனக்கு இடம் இருந்தது. கூட ஓடிய பிள்ளைகள் வந்து கட்டிப்பிடித்தார்கள். பயிற்சியாளர் அழுதுவிட்டார்.

பிறகு பலகையில் தவறியவர்களின் இலக்கங்களை ஒட்டினார்கள். அதில் என் இலக்கமும், நடுச் சரிவில் தவறியதாக, இருந்தது. அந்தப் பகுதியில் நின்றது யார் என்று யாரும் எனக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

பயிற்சியாளர் எதிர்த்து முறையிட்டார். அந்த இடத்தை யாரும் படம் பிடித்திருக்கவில்லை. நடுவர்கள் உங்களைக் குடிலுக்குள் கூப்பிட்டார்கள். நான் கதவோரம் ஸ்கீ சப்பாத்தோடு நின்றேன். தலைமை நடுவர் வயதானவர், நல்ல மனிதர். ஓடியது உங்கள் மகள் என்று தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றீர்கள். வெளிச்சம் மோசமாக இருந்தது, கண் பிழை விடுவது வழக்கம்தான் என்றார். அதன்பின் மெதுவாக, உங்களுக்குச் சிறு சந்தேகம் இருந்தாலும் போதும், விதியின்படி அது ஓடியவளுக்குச் சாதகம் என்றார். அவர் உங்களுக்கு விலகிக்கொள்ள ஒரு கதவைத் திறந்துவிட்டார் அம்மா. அறையில் இருந்த எல்லோருக்கும் அது விளங்கியது. நீங்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தீர்கள். தொப்பியிலிருந்து பனி உருகிச் சொட்டியது. பிறகு கார்டரிப் பிள்ளைகளோடு பேசுகிற அதே நிதானமான பிரெஞ்சில், சந்தேகம் இல்லை, இடது ஸ்கீ கம்பின் மறுபக்கத்தால் போனது, நான் கண்டேன் என்றீர்கள்.

எனக்கு அப்படி எதுவும் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது. அந்த வேகத்தில் காலில் அடித்த கம்புகளில் எது உள்ளே, எது வெளியே என்று எப்படிச் சொல்வது? நான் சுத்தமாகத்தான் வந்தேன் என்று நம்பினேன்.

திரும்பி வரும் வழியில் பனி தள்ளும் வண்டி ஒன்றின் பின்னால் நெடுநேரம் ஊர்ந்தோம். பசிக்கிறதா என்று கேட்டீர்கள். நான் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். லவால் நகரைத் தாண்டும்போதுதான் வாய் திறந்தேன்.

“நீங்கள் என்ரை அம்மாவோ, அவையின்ரை ஆளோ?”

“ரெண்டும்தான் பிள்ளை,” என்றீர்கள்.

வீடு வரைக்கும் நான் அழவே இல்லை.

அதன்பின் இரண்டு பனிக்காலம் ஓடினேன். அந்த அளவுக்குக் கிட்ட ஒருபோதும் வரவில்லை. பிறகு ஒரு பயிற்சியில் முழங்கால் திரும்பிப்போய், அறுவைச் சிகிச்சை செய்து, ஒரு வருடம் படிக்கட்டில் கைபிடித்து இறங்கினேன். விடுகிறேன் என்று சொன்னபோது நீங்கள் சரி என்றீர்கள், வேறு ஒன்றும் கேட்கவில்லை. எனக்குப் புதினமாக இருந்தது, நான் விட்ட பிறகும் நீங்கள் போனதுதான். யாரோ பிள்ளைகள் ஓட, நீங்கள் ஞாயிறு தோறும் தனியாகக் காரோட்டிப் போய் அந்தக் குளிரில் நின்றீர்கள். ஏன் என்று அப்பா கேட்டதற்கு, ஆள் போதாது எண்டவை என்று சொல்லிவிட்டுச் சோற்றைக் கிளறப் போய்விட்டீர்கள்.

கடைசி மாதம் அஹுன்ட்சிக் பக்கத்து ஆஸ்பத்திரியில், ஆற்றைப் பார்த்த அறையில் இருந்தீர்கள். நான் வேலையிலிருந்து நேரே வந்து, கட்டிலோரக் கதிரையில் பாதி நித்திரையாகிவிடுவேன். ஒரு பின்னேரம் ஆற்றின் மேல் பனி தூறிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். கேட்க வேண்டும் என்று நினைத்து வரவில்லை, வாயில் வந்துவிட்டது.

“அம்மா, அண்டைக்கு நீங்கள் வடிவாக் கண்டனீங்களோ?”

எந்த நாள் என்று நீங்கள் கேட்கவில்லை.

“அண்டைக்கு எனக்குச் சந்தேகமே இல்லை,” என்றீர்கள். மூச்சு வாங்கியது, பொறுத்துத்தான் மிச்சத்தைச் சொன்னீர்கள். “காரிலை நீ அழாமல் இருந்தாய் பார், அப்பதான் சந்தேகம் வந்தது. பிறகு போகேல்லை. ஒவ்வொரு ஞாயிறும் அதே இடத்திலை நிண்டு பாத்தன். ஒண்டும் விளங்கேல்லை.”

நீங்கள் மலைக்குப் போய்க்கொண்டே இருந்தது அதற்குத்தான் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. உங்கள் காலடியில் போர்வையைச் சரிசெய்தேன்.

“கோவமோ இன்னும்?” என்று கேட்டீர்கள்.

“இல்லையம்மா. களைப்புத்தான்.”

“எனக்கும்,” என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டீர்கள். உங்கள் கை என் கைக்குள் இருந்தது. வெளியே இருட்டும்வரை நான் எழும்பவில்லை.

நீங்கள் போன பிறகு கிளப்பிலிருந்து உங்களைத் தேடித் தொலைபேசி எடுத்தார்கள். அவர்களுக்குச் செய்தி தெரியாது. சொன்னேன். மறுமுனையில் இருந்த பெண், உங்களைப்போல ஒருவரும் அந்த இடத்தில் நின்றதில்லை என்றாள். யோசிக்காமலே, ஞாயிறு நான் வருகிறேன் என்றுவிட்டேன். இப்போது நடுச் சரிவில் நிற்கிறேன். பெண்பிள்ளைகள் ஒருத்தி பின் ஒருத்தியாக வருகிறார்கள், பல்லைக் கடித்துக்கொண்டு, கம்புகளை அறைந்து தள்ளிக்கொண்டு. ஒருத்தியை உருப்படியாகப் பார்க்கமுன் அவள் கடந்துபோய்விடுகிறாள். அப்படித்தான் நானும் உங்களைக் கடந்து போயிருப்பேன்.

நீங்கள் கண்டது சரியா என்று இப்போது நான் தேடுவதில்லை. நீங்கள் சந்தேகத்தோடு இத்தனை வருடம் நின்றீர்கள் என்பதுதான் என்னோடு இருக்கிறது. கோபம் எப்போது போனதென்று தெரியவில்லை, களைப்பு மட்டும் போகவில்லை. அது பாதி உங்களுடையது என்று நினைத்துக்கொண்டு, ஞாயிறு காலையில் அதையும் சுமந்துதான் மலை ஏறுகிறேன்.