பதினேழாம் ரேக்கின் காலில் நான் வைத்த பொட்டு

அனுப்புநர்:
பிரேமலா த/பெ வேலு (வயது 54)
ஸ்டோர் சூப்பர்வைசர்
பெர்மாஸ் ஜெயா, ஜொகூர்

பெறுநர்:
திரு. ஜெயபாலன் அவர்கள்
வேலையிடப் பாதுகாப்பு அதிகாரி
ஜொகூர் பாரு

பொருள்: வளைந்த ரேக்கில் ஏற்றியுள்ள டைல்ஸ் சரக்கை உடனே இறக்க உத்தரவிடக் கோருவது

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தாங்கள் தமிழ் படிப்பவர் என்று கோவிலில் சொன்னார்கள், அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன். பண்டார் தெங்காரா பக்கம் தோட்டப் பள்ளியில் ஆறாவது வரை படித்தவள் நான். மலாயில் தினமும் டெலிவரி ஆர்டர் எழுதுகிற கைதான் இது. ஆனால் பயத்தை மலாயில் எழுத எனக்கு வரவில்லை.

1. மேலே எழுதியுள்ள விலாசத்தில் இருக்கும் டைல்ஸ் ஸ்டோரில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறேன். சரக்கு எண்ணுகிறவர்கள், லாரிக்கு அனுப்புகிறவர்கள், கணினியில் பதிகிறவர்கள் என ஏழு கிளார்க்குகள் என் பொறுப்பில் இருக்கிறார்கள். எங்கள் இரும்பு ரேக்குகள் நான்கு தட்டு உயரம். தட்டில் வைக்கும், டைல்ஸ் அடுக்கிய ஒவ்வொரு பெலட் பலகையும் ஒரு டன்னுக்கு மேல்.

2. செப்டம்பர் 30 மாலை, பதினேழாம் ரேக்கின் காலை, சரக்கு தூக்கும் போர்க்லிப்ட் வண்டி இடித்துவிட்டது. ஷிப்பிங் கிளார்க் யுகேந்திரன் அந்தக் காலில் ஐம்பது காசு அளவுக்குச் சிவப்புப் பெயிண்டால் ஒரு வட்டம் போட்டார். சிவப்பு வட்டம் இருந்தால் அந்த ரேக்கில் சரக்கு ஏற்றக் கூடாது என்பது எங்கள் ஸ்டோர் வழக்கம். மறுநாள் எனக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று போனவர், அன்றிரவே தகப்பனாருக்கு உடம்பு முடியாமல் மூவாருக்குக் கிளம்பிவிட்டார்.

3. மறுநாள் ஆயுத பூஜை. வருடாவருடம் ஸ்டோரில் பூஜை போடுவது நான்தான். போர்க்லிப்ட், தராசு, ரேக்கின் கால்கள் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பேன். அந்தச் சிவப்பு வட்டத்தைப் பார்த்து, நம் பிள்ளைகள் முன்கூட்டியே பொட்டு வைக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று சந்தோஷப்பட்டேன் ஐயா. அதன் மேலேயே சந்தனத்தை அப்பி, குங்குமமும் வைத்தேன். மற்ற எல்லாக் கால்களுக்கும் அதே மாதிரி வைத்தேன்.

4. அக்டோபர் 3ஆம் தேதி ரேக் பரிசோதிப்பவர் வந்தார். சாமி காரியம் என்று மரியாதையாக எதையும் தொடாமல் சுற்றிப் பார்த்துவிட்டு, எல்லாம் நலம் என்று எழுதினார். அவர் பெயருக்குக் கீழே சூப்பர்வைசர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டவள் நான். அன்றே தீபாவளி சரக்கைப் பதினேழாம் ரேக்கின் நான்கு தட்டும் நிறைய ஏற்றிவிட்டார்கள்.

5. செவ்வாய்க்கிழமை யுகேந்திரன் திரும்பி வந்ததும் அந்த ரேக்கைப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, இதுல யாரு சரக்கு ஏத்தச் சொன்னது?" என்று கத்தினார். ஈரத் துணியால் துடைத்தேன். சந்தனம் போயிற்று, பெயிண்ட் போகவில்லை. கால் உள்பக்கமாக வளைந்திருப்பது அப்போதுதான் என் கண்ணில் பட்டது.

6. மேனேஜர் திரு. சுகுமாறனிடம் உடனே சொன்னோம். "நீங்களே பொட்டு வச்சிட்டு நீங்களே பயப்படுறீங்களா ஆன்ட்டி? செக் பண்ணி சைன் போட்டாச்சு லா. தீபாவளி சிப்மென்ட் போகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றார். தீபாவளிக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. ஷிப்பிங் மேசையையாவது தள்ளிப் போடுகிறேன் என்று கெஞ்சினேன். லாரி வாசல் அந்தப் பக்கம்தான், நகர்த்தக் கூடாது என்று சொல்லிவிட்டார். அந்த மேசை பதினேழாம் ரேக்கின் காலை ஒட்டியே இருக்கிறது. அதில் உட்காருபவர் இன்னொரு கிளார்க் ஷாஸியா, இரண்டு சின்னப் பிள்ளைகளின் தாய்.

7. நேற்று மத்தியானம் போர்க்லிப்ட் அந்தப் பக்கம் போனபோது, மேலேயிருந்து இரும்பு முனகுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. எனக்கு மட்டும் கேட்டதா என்று தெரியவில்லை.

ஆகவே ஐயா, தாங்கள் நேரில் வந்து அந்த ரேக்கைப் பார்த்து, சரக்கை இறக்க உத்தரவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். முன்கூட்டியே தகவல் சொல்லாமல் வந்தால் நல்லது. என் கையெழுத்துக்கு என்ன தண்டனையோ அதை நான் வாங்கிக்கொள்கிறேன், வேலை போனாலும் போகட்டும். யுகேந்திரன் மேல் ஒரு தவறும் இல்லை.

கண் சரியாகத் தெரியவில்லை, வாசல் வெளிச்சம் வேண்டும் என்று பொய் சொல்லி, இன்று காலை ஷாஸியாவை என் அறைக்கு அனுப்பிவிட்டு அவர் மேசையில் நான் உட்கார்ந்திருக்கிறேன். தாங்கள் வரும்வரை இங்கேதான் இருப்பேன். மேலே பார்த்துப் பார்த்து எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளவும்.

தங்கள் வரவை எதிர்பார்த்து,
பிரேமலா

இடம்: பெர்மாஸ் ஜெயா
நாள்: 9.10.2025