உப்பில் பிழியாத பாகற்காய்

புத்துவான்
4 மார்ச் 1987

மதிப்பிற்குரிய சல்வசியோன் அக்காவுக்கு,

நான் யாரென்று சொன்னால் இந்தக் காகிதத்தைக் கிழித்துவிடுவீர்கள். கடைசி வரிவரை படித்துவிட்டுக் கிழியுங்கள்.

என் பெயர் ஃபெலிசா. பதினோரு வருஷமாக கிரிசாந்தோவோடு குடும்பம் நடத்துகிறேன். இரண்டு பெண் பிள்ளைகள். என்னைச் சேர்த்துக்கொண்டபோது, மனைவி செத்துப்போய்விட்டாள் என்றுதான் சொன்னார். நானும் ஒவ்வொரு நவம்பரிலும் கல்லறைத் திருநாளில் உங்களுக்காக மெழுகுவர்த்தி ஏற்றிவந்தேன். அவருடைய பெட்டியை ஒழுங்குபடுத்தும்போது உங்கள் பழைய கடிதம் ஒன்று கிடைத்தது. அதற்கப்புறம்தான் நீங்கள் உயிரோடு இருப்பது தெரிந்தது. அதில் இருந்த விலாசத்துக்குத்தான் இதை எழுதுகிறேன்.

ஜனவரியில் மர அறுவை ஆலையில் வேலையாக இருந்தபோது அப்படியே சாய்ந்துவிட்டார். பக்கவாதம். வலது பக்கம் அசையவில்லை. பேச்சும் குழறுகிறது. எதை வைத்தாலும் தட்டைத் தள்ளிவிடுகிறார். கஞ்சி, மீன் சாறு, வதக்கிய நூடுல்ஸ், கீரை, எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். மூன்று வாரமாக ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார்: "பாகற்காய்."

செய்து கொடுத்தேன். ஒரு வாய் வாங்கிவிட்டுச் சொன்னார், "இது இல்ல. சல்வாவோடது."

அக்கா, எனக்கு வெட்கம் விட்டுப்போய் ரொம்ப நாளாகிறது. நீங்கள் பாகற்காயை எப்படி வதக்குவீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். வேறெதுவும் கேட்க மாட்டேன்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
ஃபெலிசா

*

குபாட்
23 மார்ச் 1987

ஃபெலிசாவுக்கு,

என்னை அக்கா என்று கூப்பிடாதே. என் அம்மா உன்னைப் பெறவில்லை.

மெழுகுவர்த்தி ஏற்றினாயாம். மிக்க நன்றி. என் ஆத்மா சாந்தியாகத்தான் இருக்கிறது. சந்தைக்கு எதிரே சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறது. பஸ்காரர்கள், போலீஸ்காரர்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள் எல்லோரும் இந்தச் செத்தவள் கையால்தான் சாப்பிடுகிறார்கள்.

என் மகன் டெல்ஃபினுக்கு ஆறு வயதாக இருந்தபோது அந்த மனுஷன் போனார். "ரெண்டு மாசம் மரம் வெட்டிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான். பதினான்கு வருஷம் ஆகிறது. முதல் மூன்று வருஷம் நான் எழுதாத கடிதம் இல்லை. நீ பார்த்தது அவற்றில் ஒன்றாக இருக்கும். மற்றவற்றை எங்கே போட்டாரோ.

உன் கடிதத்தை டெல்ஃபினிடம் காட்டினேன். "எங்கப்பா செத்தாச்சு. இவங்க வேற யாரப் பத்தியோ எழுதறாங்க" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். பாகற்காயை விதையோடு தடிமனாக வெட்டு. உப்புப் போட்டுப் பிசறிப் பிழியாதே. எண்ணெயில் பூண்டு, வெங்காயம் போட்டு, உடனே காயைக் கொட்டு. தக்காளி வேண்டாம். இறால் வேண்டாம். முட்டை கூடாது. விடாமல் கிளறு. மூடிவைத்துக் குழைய வேகவிடு. அவ்வளவுதான் என் சமையல்.

சல்வசியோன்

*

புத்துவான்
11 ஏப்ரல் 1987

மதிப்பிற்குரிய அம்மா,

நீங்கள் சொன்னபடியே அக்கா என்று எழுதவில்லை.

அவர் சாப்பிட்டார்! முதல் வாயில் கண்ணை மூடிக்கொண்டார். தொண்டையில் இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. நான் பயந்தே போய்விட்டேன். அப்புறம் வாயைத் திறந்தார், இன்னொன்று என்று. தட்டு காலி. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. "நெஜமாவே அவ எழுதுனாளா?" என்று கேட்டார். உங்கள் கடிதத்தைக் காட்டினேன். அவரால் படிக்க முடியாது. கையெழுத்தை மட்டும் இடது கைவிரலால் தடவிப் பார்த்தார்.

அதிலிருந்து இரண்டு வேளையும் அதேதான். வேறெதுவும் தொடுவதில்லை. எங்கள் சின்னவள் ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்த்துவிட்டுத் துப்பிவிட்டாள். "அப்பாவுக்கு நாக்கும் விழுந்துடுச்சாம்மா?" என்று கேட்கிறாள். அடித்துவிட்டேன். பிறகு நானும் அழுதேன்.

உங்களிடம் மறைக்கக் கூடாது. உடம்பு தேறவில்லை. தோள் எலும்பு தெரிகிறது. முட்டையும் மீனும் கொடுக்கச் சொல்லி டாக்டர் திட்டுகிறார். கொடுத்தால் வாயை இறுக மூடிக்கொள்கிறார்.

நேற்று மகனின் பெயரைச் சொன்னார். தெளிவாகச் சொன்னார். டெல்ஃபின் வருவானா? ஒரு நாள் வந்து நின்றால் போதும். பேசக்கூட வேண்டாம்.

நன்றியோடு,
ஃபெலிசா

*

குபாட்
29 ஏப்ரல் 1987

ஃபெலிசா,

உன் கடிதம் வந்து நாலு நாளாகிறது. நாலு நாளாகக் கடையில் பாகற்காய் வதக்கவில்லை. வழக்கமாக வரும் வாத்தியார், "என்னம்மா, காய் கெடைக்கலயா?" என்று கேட்டார். கிடைக்கவில்லை என்று பொய் சொன்னேன்.

நான் உனக்கு எழுதியது என் சமையல் இல்லை. எந்த மனுஷியும் வாயில் வைக்கச் சமைக்கிற விதம் இல்லை. அந்த நாக்கு கசக்கட்டும் என்று எழுதினேன். தட்டைத் தள்ளிவிடுவார், 'பார், இதுதான் உன் சல்வா' என்று நீ சிரிப்பாய், அத்தோடு விட்டுப்போகும் என்று நினைத்தேன். தட்டு காலி ஆகும் என்று நினைக்கவே இல்லை.

சரியானதைச் சொல்கிறேன். விதையைச் சுரண்டி எடுத்துவிட்டு மெல்லிசாக நறுக்கு. உப்புப் போட்டுப் பிசறிக் கால் மணி நேரம் வை. நன்றாகப் பிழிந்து அலசு. பூண்டு பொன்னிறமானதும் வெங்காயம். பிறகு தக்காளி, கரண்டியால் மசித்துவிடு. சின்ன இறாலைத் தலையோடு போடு. அப்புறம்தான் காய். போட்டதும் கையைக் கட்டிக்கொண்டு நில். கிளறினால் கசப்பு இறங்கும். கடைசியில் இரண்டு முட்டை அடித்து ஊற்று. அடுப்பை அணைத்துவிட்டு ஒரு புரட்டு. டாக்டர் கேட்கிற முட்டையும் உள்ளே போய்விடும்.

கல்யாணமான புதிதில் இதை வதக்கினால் அடுப்படியிலேயே நின்று சட்டியோடு தின்பார். "உக்காந்து தின்னுங்க, யாரும் புடுங்க மாட்டாங்க" என்பேன். "உன்ன நம்ப முடியாதுடி" என்பார். என்னை நம்ப முடியாதாம்.

டெல்ஃபின் வர மாட்டான். கேட்டேன், கெஞ்சவும் கெஞ்சினேன். "நீ வேணா போம்மா. நான் தடுக்கல" என்றான். ஜூன் மூன்றாம் வாரம் நான் வருகிறேன். ஊர்த் திருவிழா முடிந்ததும் கடையைப் பூட்டிவிட்டு உன் தீவுக்குக் கப்பல் ஏறுகிறேன். அவரிடம் சொல்லாதே. உன் அடுப்பை ஒரு வேளைக்கு எனக்குக் கொடு, போதும். உன் வீட்டில் தங்க மாட்டேன்.

சின்னவளை அடிக்காதே. அவள் நாக்கு சரியாகத்தான் இருக்கிறது. பெரியவளின் பெயரை நீ எழுதவே இல்லை. இரண்டு பேருக்கும் என்ன வயது? துணி எடுத்து வர வேண்டும்.

சல்வசியோன்

*

புத்துவான்
10 மே 1987

மதிப்பிற்குரிய அம்மா,

உங்கள் கடிதம் எட்டாம் தேதி வந்தது. அவரை ஐந்தாம் தேதி அடக்கம் செய்துவிட்டோம்.

மூன்றாம் தேதி காலையில் போனார். தட்டோடு உள்ளே வந்தேன். தலை சாய்ந்திருந்தது. தூங்குகிறார் என்று நினைத்துத் தட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்த் துணி துவைத்தேன்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நானும் பெண்தான். பாகற்காயை உப்பில் பிழிய வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? உங்கள் முதல் கடிதத்தைப் படித்ததுமே புரிந்துவிட்டது. ஆனாலும் ஒருவேளை உங்கள் ஊர்ப் பழக்கமாக இருக்குமோ என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். அவர் சாப்பிட்டதும் வாயை மூடிக்கொண்டேன்.

ஒரே ஒரு நாள் மட்டும் மனசு கேட்காமல் உப்புப் போட்டுப் பிழிந்து, முட்டையும் ஊற்றிக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்ததுமே தலையைத் திருப்பிக்கொண்டார். "அவ சொன்ன மாதிரி செய்" என்றார். "அது வெறும் கசப்புங்க. உங்க மேல இருக்கற கோவத்துல எழுதியிருக்காங்க" என்று சொன்னேன். அவ்வளவு கோணிய வாயிலும் தெளிவாகப் பதில் வந்தது: "தெரியும். எனக்குன்னு எழுதுனது. நான்தான் தின்னணும்."

நான் சண்டை போட்டிருக்க வேண்டும். வாயைப் பிளந்தாவது முட்டையை ஊட்டியிருக்க வேண்டும். அவர் உங்களுக்காகத் தின்றார். அவர் தின்கிறாரே என்பதற்காக நான் செய்தேன். அவர் உடம்பை யாரும் பார்க்கவில்லை. இதில் உங்கள் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு என்று யோசிக்க எனக்குத் தெம்பில்லை.

அடுப்பை ஒரு வேளைக்குக் கேட்டிருக்கிறீர்கள். வாசலில் உங்களைப் பார்த்தால் உள்ளே வாருங்கள் என்று சொல்லத்தான் எனக்கு வரும். சொல்லிவிட்டு அதற்கப்புறம் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. அதனால் வீட்டுக்கு வராதீர்கள். கல்லறைக்கு வாருங்கள். அதற்கு என்னைவிட உங்களுக்குத்தான் உரிமை. மாதா கோயிலுக்குப் பின்னால், ஆற்றை ஒட்டி இரண்டாவது வரிசை. இன்னும் பெயர் எழுதவில்லை.

பெரியவள் பெயர் வில்மா. பத்து வயது. சின்னவள் ஏழு. துணி வேண்டாம்.

சாவைப் பதிவுசெய்ய நகராட்சி அலுவலகத்துக்குப் போயிருந்தேன். எழுதிக்கொண்டிருந்த பெண் மனைவியின் பெயரைக் கேட்டாள். உங்கள் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னேன். எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்து, "அப்ப நீங்க யாரு?" என்று கேட்டாள்.

"சமைச்சுப் போட்டவ" என்றேன். அதை எழுத அந்தத் தாளில் இடம் இல்லை.

ஃபெலிசா