மூன்றாம் மாடிக்கு ஏற்றிய லோடர்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீ, மாப்பிள்ளை, குழந்தை மூவரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். இங்கே எனக்குச் சுகம், அம்மா எழுந்து நடமாடுகிறாள், உன் அண்ணன் உயிரோடு இருக்கிறான். மூன்று வாரமாக நீ கூப்பிடக் கூப்பிட யாரும் எடுக்கவில்லை என்று கோபமாக இருப்பாய். வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. போனில் சொன்னால் நடுவில் பேசுவாய், அழுவாய், நான் சொல்ல வந்ததை முடிக்க விடமாட்டாய். காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. குழந்தையை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்து படி.

அந்தப் பழைய விடுதிக் கட்டடம் உனக்கு நினைவிருக்கும், படம் பிடித்து அனுப்பியிருந்தேன். வெளிச்சுவரை அப்படியே விட்டுவிட்டு, உள்ளே நாலு மாடியிலும் அறைச் சுவர்களை இடித்துக் காலி செய்து கொடுக்க வேண்டும். சந்துக்குள் சின்ன லாரி ஒன்றுதான் பின்பக்கமாக நுழையும், படிக்கட்டில் எதிரெதிரே இரண்டு பேர் வந்துவிட்டால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். இடிப்பதில் என்ன இருக்கிறது, இடித்ததைக் கீழே கொண்டுவருவதில்தான் உயிர் போகும். ஆட்கள் இரும்புச் சட்டியில் அள்ளித் தலையில் வைத்து நாள் முழுக்க இறக்கினார்கள், சாயங்காலம் போய்ப் பார்த்தால் குவியல் காலையில் இருந்த மாதிரியே இருக்கும். கட்டடத்துச் சொந்தக்காரர் தினமும் வாசலில் வந்து நின்று கடிகாரத்தைப் பார்ப்பார். எதிர்த்தெருவில் நம் போட்டிக்காரர், அந்தத் தொப்பிக்காரர், குட்டி லோடர் ஒன்றை வைத்துக்கொண்டு மண்ணை அள்ளி அள்ளிக் கொட்டுவதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. அப்போதுதான், எந்த வண்டி எடுக்கலாம், யோசித்து எழுது என்று உன்னைக் கேட்டேன்.

நீயும் எழுதினாய், இரண்டு பக்கம். கடையில் கொடுத்து அச்செடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். முதல் பக்கத்தில் ஒவ்வொரு வண்டியும் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு அள்ளும் என்று வரிசையாகப் போட்டு, எல்லாவற்றிலும் வேகமானது குட்டி லோடர்தான், இடிபாடு அள்ள அதற்கு ஈடு கிடையாது என்று எழுதியிருந்தாய். படித்ததும் எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. இரண்டாவது பக்கத்தில், ஆனால் இந்தக் கட்டடத்தில் மாடிக்கு அதை ஏற்றவே கூடாது, தளம் பழசு, உள்ளே எவ்வளவு கம்பி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, வண்டியின் எடையும் அள்ளிய மண்ணின் எடையும் ஏற்கெனவே குவிந்து கிடக்கும் எடையும் சேர்ந்தால் தாங்காது, லோடரைக் கீழே தரையில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தாய். மேலே இருப்பதை இறக்க, பெரிய பிளாஸ்டிக் குழாய்களை ஒன்றுக்குள் ஒன்று செருகிச் சன்னலிலிருந்து லாரிவரை தொங்கவிடச் சொன்னாய், குழாய்வரை தள்ள ஒற்றைச் சக்கர வண்டிகள் போதும் என்றாய். அதைப் படித்து நான் சிரித்தேன். இதைச் சொல்லவா இவளை அவ்வளவு தூரம் அனுப்பிப் படிக்க வைத்தோம் என்று மேஸ்திரியிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

பெரிய தெருவில் கிரேனை நிறுத்தி, பால்கனிக் கதவு இருந்த திறப்பு வழியாக லோடரை மூன்றாம் மாடிக்கு ஏற்றினோம். தெருவே வாய் பிளந்து பார்த்தது, தொப்பிக்காரர்கூட வெளியே வந்து பார்த்தார். அண்ணனுக்கு ஓட்ட மனசில்லை. அவனும் உன் இரண்டாவது பக்கத்தைப் படித்திருந்தான். “தங்கச்சி வேணாம்னு எழுதியிருக்காளேப்பா”ன்னு எல்லார் முன்னாலும் சொன்னான். “பயமா இருந்தா இறங்கு, இந்த வயசுலயும் நான் ஓட்டுறேன், நீ போய் சட்டி தூக்கு”ன்னு நானும் எல்லார் முன்னாலும்தான் சொன்னேன். நாலு பேர் சிரித்தார்கள். அவன் காது சிவந்துவிட்டது, ஏறி உட்கார்ந்தான். இரண்டு நாள் அந்த வண்டி வேலை செய்த அழகை நீ பார்த்திருக்க வேண்டும், அள்ளி அள்ளி அந்தத் திறப்பு வழியாகக் கீழே கொட்டியதில் ஒரு வாரத்துக் குவியல் காணாமல் போயிற்று. கட்டடக்காரர் என் தோளில் தட்டினார். உனக்கு அனுப்பி மூக்கை உடைக்கலாம் என்று படம்கூட எடுத்து வைத்தேன்.

மூன்றாம் நாள் காலை பத்து மணி இருக்கும். நான் வாசலில் லாரிக்காரனோடு சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். மேலே வண்டிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, பிறகு கேட்கவில்லை. பெரிய இரைச்சல் எல்லாம் இல்லை, மூட்டையை இறக்கிப் போட்ட மாதிரி ஒரு ஓசை, அவ்வளவுதான், அப்புறம் எல்லாச் சன்னலிலிருந்தும் புழுதி வெளியே வந்தது. தளம் நடுவில் இடிந்துபோய் வண்டியும் குவியலும் அண்ணனும் இரண்டாம் மாடியில் கிடந்தார்கள். அங்கே கதவு நிலைகளைக் கழற்றிக்கொண்டிருந்த தச்சர் அடியில் இருந்தார். உன் கல்யாணத்துக்கு அலமாரி செய்து கொடுத்தாரே அவர்தான், ஒரே ஒரு நாள் வேலைக்காக வந்தவர். அவரை எடுக்க மத்தியானம் ஆயிற்று, எடுத்தும் பயனில்லை. அண்ணனின் வலது கால் வண்டிக்கும் தூணுக்கும் நடுவில் சிக்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் முட்டிக்கு மேலே வெட்டி எடுத்துவிட்டார்கள்.

இனிமேல் எழுதப்போவதுதான் உனக்குத் தெரிய வேண்டியது. ஆஸ்பத்திரி வராந்தாவில் தொழிலாளர் பாதுகாப்பு அதிகாரி வந்து உட்கார்ந்தார், அம்மாவும் பக்கத்தில் இருந்தாள். “இந்த வண்டிய எடுக்கச் சொன்னது யாரு?”ன்னு கேட்டார். நான் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தேன். முதல் பக்கத்தை மட்டும் கொடுத்தேன். “எம் பொண்ணு, வெளிநாட்டுல பெரிய இன்ஜினியர், அவ சொல்லித்தான் சார் செஞ்சேன், எனக்கு என்ன படிப்பு இருக்கு”ன்னு சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் தானாக வந்தது. சொன்ன பிறகு யோசித்துப் பார்த்தேன், சரியாகத்தான் பட்டது. உன்னை அங்கே வந்து யாரும் பிடிக்க முடியாது. நான் உள்ளே போனால் அண்ணனுக்குக் கட்டைக்கால் வைத்து நடக்கப் பழக்குவது யார், அம்மாவைப் பார்ப்பது யார், நீயா? இரண்டாவது பக்கத்தைக் கழிப்பறையில் கிழித்துப் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டேன். உன் பெயர், விலாசம், நீ வேலை பார்க்கும் இடம் எல்லாம் எழுதிக்கொண்டார்கள். உன் அலுவலகத்துக்கும் கடிதம் வரும் என்று வக்கீல் சொல்கிறார். வேலை போனாலும் போகும். மாப்பிள்ளை சம்பாதிக்கிறார், நீ வீட்டில் இருந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது. வழக்கு முடியும்வரை இந்தப் பக்கம் வராதே, வந்து இறங்கினால் நேரே விசாரணைக்குத்தான் கூப்பிடுவார்கள்.

அண்ணனிடமும் அதிகாரி கேட்டார். நான் முன்பே சொல்லி வைத்திருந்தேன். அவன் என்னைப் பார்த்துக்கொண்டே “ஆமா, தங்கச்சிதான் சொன்னா”ன்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டான். அவர் போனதும், “இதை அவளுக்கு நீயே எழுதணும்பா, இல்லன்னா நான் எழுதிடுவேன்”னு சொன்னான். அதற்காகத்தான் இந்தக் கடிதம், இல்லாவிட்டால் எழுதியிருக்கமாட்டேன். தினமும் காலையில் போய் அவன் பக்கத்தில் உட்காருகிறேன். இல்லாத காலின் பாதத்தில் அரிக்கிறது என்கிறான், அந்த இடத்து மெத்தையைச் சொறிந்துவிடுகிறேன், இன்னும் கொஞ்சம் கீழே என்கிறான், கீழே சொறிகிறேன், நின்றுவிட்டது என்கிறான். மற்றபடி எங்களுக்குள் பேச்சு கிடையாது. தச்சரின் மனைவி ஒரு நாள் வேலை நடக்கும் இடத்துக்கு வந்தாள், சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன், அவருடைய உளிப்பெட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

வேலையை நிறுத்தவில்லை. அதிகாரி ஆட்கள் பார்த்துவிட்டுப் போன பிறகு, மீதி இருந்த தளங்களுக்கு முட்டுக் கொடுத்து, நீ சொன்ன அந்தக் குழாயையே வாங்கி மாட்டியிருக்கிறோம். நன்றாகத்தான் வேலை செய்கிறது, எட்டு ஆட்கள் இறக்கியதை இரண்டு பேர் தள்ளிவிடுகிறார்கள். “மொதல்லயே இதச் செஞ்சிருக்கலாம்”னு மேஸ்திரி சொன்னார், வாயை மூடச் சொன்னேன். ஆனால் பெரிய துண்டாக விழுந்தால் இரண்டாவது குழாயும் மூன்றாவது குழாயும் சேரும் இடத்தில் அடைத்துக்கொள்கிறது, தட்டித் தட்டிக் கை வலிக்கிறது. துண்டு எந்த அளவில் இருக்கலாம், குழாயை எவ்வளவு சாய்த்து மாட்ட வேண்டும் என்று விவரமாக எழுது. இந்த முறை இரண்டு பக்கத்தையும் படிப்பேன்.

நீ அனுப்பியதன் பிரதி உன்னிடம் இருக்கும், அதை அழித்துவிடு. அழிக்காமல் வைத்துக்கொண்டால், அதுவும் இந்தக் கடிதமும் சேர்ந்து என்னை உள்ளே தள்ளப் போதும் என்று எனக்கும் தெரியும். தெரிந்துதான் என் கையாலேயே எழுதுகிறேன். நீ யாரிடமும் காட்டமாட்டாய். உன் பிள்ளைப் பருவத்தில் அண்ணன் செய்த தப்புக்கெல்லாம் அடி வாங்கிக்கொண்டு நின்றவள் நீ, அப்போதே எனக்குத் தெரியும் தப்பு உன்னுடையது இல்லை என்று.

கடைசியாகப் பேசியபோது குழந்தைக்கு இருமல் என்றாயே, காதை மூடித் தொப்பி போட்டு வெளியே கூட்டிப் போ, ராத்திரி தலைக்கு ஊற்றாதே. மாப்பிள்ளையிடம் விஷயத்தை மெதுவாகச் சொல், அவர் கோபப்பட்டால் எதிர்த்துப் பேசாதே. மூவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன்.

ஒன்று மறந்துவிடாதே. பதிலை வேலை நடக்கும் இடத்து விலாசத்துக்கு எழுது, வீட்டுக்கு எழுதாதே. அம்மா உன் பெயரைச் சொல்வதை நிறுத்திவிட்டாள், கூடப்பிறந்தவன் காலை எடுத்துட்டாளே என்று ஒரு முறை சொன்னதோடு சரி. உன் கையெழுத்தைப் பார்த்தால் பிரிக்காமல் அடுப்பில் போடுகிறாள். குழந்தை முதல் முதலாக எழுந்து நின்ற படம் என்று நீ முன்பு போனில் சொல்லிவிட்டுத் தபாலில் அனுப்பினாயே, அது போன செவ்வாய்க்கிழமை வந்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன். தடுக்கவில்லை.

இப்படிக்கு,
உன் நன்மையையே நினைக்கும்
அப்பா