மாப்பிள்ளைச் சாமி இறங்கும் மனை

முத்தியால்பேட்டை,
விகாரி வருடம், தை மாதம் 10ஆம் நாள்.

அன்பிற்குரிய சிரஞ்சீவி தணிகாசலத்துக்கு, உன் தந்தை ஆதிமூலம் எழுதிக்கொள்வது. பெருமாள் திருவருளால் நானும் உன் தாயாரும் உடலளவில் சுகமே. மனத்தளவில் எவ்வாறு என்பதை இக்கடிதம் முடிவதற்குள் நீயே அறிவாய். சைகோனில் நீயும் மருமகள் சாந்தியும் குழந்தைகளும் குறைவின்றி இருப்பதைத் தீபாவளிக்கு நீ எழுதிய கடிதத்தால் அறிந்து மகிழ்ந்தோம். அதன்பின் உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. குடும்பத்தோடு பிரான்சுக்கே போய்விட எண்ணியிருப்பதாக அதில் கண்டிருந்தது. குளிர் மிகுந்த தேசம். குழந்தைகளுக்குக் கம்பளி உடுப்புகளை முன்னதாகவே தைத்துக்கொள். உன் தாயாருக்கு முழங்கால் வலி முன்போலவே இருக்கிறது. அரியாங்குப்பத்தில் உன் தங்கை அஞ்சலாட்சி சுகம். அவள் மகனுக்கு மாசியில் காது குத்துவதாக இருந்தோம், இப்போது தள்ளிப்போட்டுவிட்டோம். ஏன் தள்ளிப்போட்டோம் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

நம் கோயிலுக்குக் கிழக்கே, குப்பத்துக்குப் போகும் வழியில் உள்ள காலி மனையை நீ மறந்திருக்க மாட்டாய். மாசி மகத்தன்று கடலாடித் திரும்பும் பெருமாள் இறங்கி இளைப்பாறும் இடம் அது. குப்பத்து மீனவர்கள் அவரை மாப்பிள்ளை என்று முறை சொல்லி அழைத்து விருந்து வைப்பதும், சுற்றுப்புறத்து உழவர்கள் அரிசியும் பூசணியும் வண்டியில் கொண்டுவந்து இறக்குவதும், பின்பு யார் எவர் என்று பாராமல் ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்பதும் அங்கேதான். மற்ற நாட்களில் கல்யாணப் பந்தலும் அங்கே, கருமாதிக்குக் கூடுவதும் அங்கே, வெள்ளிதோறும் நாங்கள் பாசுரம் சேவிப்பதும் அங்கே. வலை பிடிப்பவனும் ஏர் பிடிப்பவனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நலம் விசாரித்துக்கொள்ள இந்தப் பக்கத்தில் வேறு இடமில்லை. பிரெஞ்சுத் துரைத்தனத்தின்போது அதன் சொந்தக்காரர் விற்றுவிட்டுப் போகப் புறப்பட்டதையும், தெருவாரும் குப்பத்தாரும் கூடி அதை வாங்கியதையும் நீ அறிவாய். கோயில் பெயரில் எழுதினால் தர்மகர்த்தாக்களின் சச்சரவில் சிக்கிவிடும் என்று எல்லாரும் அஞ்சினார்கள். குப்பத்துத் தலைவனான நாட்டார் பாவாடைதான், "எங்க அத்தன பேருக்கும் கைநாட்டு. பெரியவரு புள்ளதான் பிரெஞ்சுல கையெழுத்துப் போடும். அது பேர்லயே எழுதிடுங்க சாமி, எங்க போயிடப் போவுது" என்றான். நீயும் பத்திரம் எழுதும் நொத்தேர் முன்னிலையில் கையெழுத்திட்டுவிட்டு, சில நாட்களிலேயே கப்பலேறினாய். அன்று முதல் அது காகிதத்தில் உன் மனை, மற்ற எல்லா வகையிலும் ஊர் மனை.

கார்த்திகை மாதத்தில் ஒரு தரகர் ஆட்களோடு வந்து அம்மனையை அளந்தார். கேட்டதற்கு, மனையை விற்க நீ சைகோனிலிருந்து அனுப்பிய அதிகாரப் பத்திரத்தின் நகலைக் காட்டினார். உன் கையெழுத்தை எனக்குத் தெரியாதா? வாங்குகிறவர் வெளியூர் வியாபாரி. சென்னை ராஜ்யத்தில் மதுவிலக்கு இருப்பதால் அங்குள்ளோர் குடிப்பதற்கென்றே இங்கு வருகிறார்கள் அல்லவா. அவர்களை நம்பிப் பிராந்திக் கிடங்கும் தங்கும் அறைகளும் கட்டப் போகிறாராம். கிரயம் இன்னும் முடியவில்லை; மாசி கடைசியில் முடிப்பதாகப் பேச்சு. ஆனால் இப்பொழுதே சுற்றுமதிலுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுக் கருங்கல் கொண்டுவந்து கொட்டிவிட்டார்கள்.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. ஊரார் எல்லாரிடமும் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கி, மேரி என்னும் நகரசபைக்குப் போய் விண்ணப்பம் கொடுத்தோம். அங்கிருந்த குமாஸ்தா நல்ல மனிதர். "பழைய சட்டப்படி பாக்கறதா, புதுச் சட்டப்படி பாக்கறதான்னு எங்களுக்கே இன்னும் எழுதி வரல பெரியவரே, காகிதம் மேல போயிருக்குது" என்றார். மேலே போன காகிதம் இன்னும் கீழே இறங்கவில்லை. வேறொரு அதிகாரி, பெருமாளைச் சாலையிலேயே பத்து நிமிடம் நிறுத்திக்கொள்ள அனுமதி தருவதாகப் பெருந்தன்மையோடு சொன்னார். மீன் விற்கும் வீராயி எங்களோடு வந்திருந்தாள். "ஏன்யா, ஒம் மாப்ளய நடுரோட்டுல நிக்க வச்சித்தான் சோறு போடுவியா? அவுரு எங்கூட்டு மாப்ளய்யா. ஒக்கார எடமில்லன்னா எந்த மாப்ள வருவான்?" என்று கேட்டாள். அதிகாரி சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. மறுநாள் விடியற்காலையில் குப்பத்துப் பெண்கள் வந்து அந்தச் சுண்ணாம்புக் கோட்டின்மேல் கூடையைக் கவிழ்த்துப்போட்டு வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். தெருப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். உன் தாயாரும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு போய் வீராயி பக்கத்தில் உட்கார்ந்தாள். நம் தெருக் கொத்தனார்கள் கரண்டியைத் தொட மாட்டோம் என்று வீட்டுக்குப் போய்விட்டார்கள். அந்த வாரம், நாம் வென்றுவிட்டோம் என்றே நான் நம்பினேன்.

பிறகு வெளியூரிலிருந்து லாரியில் ஆட்கள் வந்தார்கள். தடுக்கப் போன பாவாடையையும் இன்னும் இருவரையும் போலீசார் கொண்டுபோய் வைத்திருந்து, வழக்குப் பதிந்து வெளியே விட்டார்கள். மேற்குப் பக்கத்து மதில் இடுப்பளவு எழும்பிவிட்டது. உட்கார்ந்திருப்பவர்களும் குறைந்து வருகிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல நான் யார்? கடலுக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது, பெரிய மார்க்கெட்டில் கூடை இறக்காவிட்டால் இன்னொருத்தி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்வாள். சென்ற வெள்ளியன்று அரைமதிலுக்கு உட்புறத்தில் பாசுரம் சேவித்துக்கொண்டிருந்தோம். பின்னாலிருந்து ஒருவன், "ஊருக்கெல்லாம் பாசுரம் சொல்றாரு, பெத்த புள்ளைக்கு மட்டும் சொல்ல மறந்துட்டாரு போல" என்றான். எவரும் அவனை அதட்டவில்லை, தணிகாசலம். பாவாடை மட்டும் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். எடுத்த அடியை நான் பாதியிலேயே விட்டுவிட்டேன்.

உலகையெல்லாம் உடையவன் குறளுருவாய் வந்து மூவடி மண்ணுக்குக் கையேந்தி நின்றான் என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். கேட்டவன் யார் என்று குருவே எடுத்துச் சொல்லித் தடுத்தும், நீர் வார்த்துக் கொடுத்தான் அந்த அரசன். கொடுத்த பின்பே தலை தாழ்த்தினான், தாழ்த்தியதால் உயர்ந்தான். அதைச் சொல்லும்போதெல்லாம் அவனுடைய ஈகையை நினைத்தே நான் உருகினேன். கேட்டு நிற்பவனுடைய கூச்சத்தை ஒருநாளும் நினைத்ததில்லை. இப்பொழுது பல்லக்கின் நான்கு கால் ஊன்ற இடம் கேட்டு, மேரியின் படியிலும் தரகர் வாசலிலும் நின்ற பிறகு அது விளங்குகிறது. அங்கெல்லாம் கேட்டு வெறுங்கையோடு திரும்பி, கடைசியாக நான் பெற்ற பிள்ளையிடம் கேட்கிறேன். நீ அம்மனையை நான் உனக்கென வாங்கியது என்று எண்ணியிருக்கலாம். வருடங்கள் பல சென்றதில் மறந்திருக்கலாம். பயண ஏற்பாட்டின் அவசரத்தில், மற்றச் சொத்துகளோடு இதையும் சேர்த்துக் கையெழுத்திட்டிருக்கலாம். அறியாமல் செய்தான் என்றுதான் நான் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன். அறிந்தே செய்திருந்தால் அதையும் மறைக்காமல் எனக்கு எழுது. பொய் சொல்லித் திரிகிற பாவமாவது இந்த வயதில் எனக்கு வேண்டாம்.

வழக்காடும் அவொக்கா சக்கரபாணியைப் பார்த்தேன். கிரயத்தைத் தடுக்க வழி இரண்டே என்றார். நீ கொடுத்த அதிகாரத்தை நீயே ரத்து செய்து நொத்தேருக்குத் தந்தி அடிப்பது ஒன்று. அது இல்லையென்றால், மனை வாங்கிய நாளில் உடனிருந்து, அது ஊர்ப் பொது என்று அறிந்தவர் கோர்ட்டில் வழக்குத் தொடுக்க வேண்டும். உடனிருந்தவர்களில் இன்று உயிரோடிருப்பவர்கள் நானும் பாவாடையும். பாவாடைமேல் போலீஸ் வழக்கு இருப்பதால் அவன் பேச்சு எடுபடாதாம். ஆகவே வாதி நான், பிரதிவாதி நீ. மாசி முதல் வெள்ளி வரை பார்க்கலாம், அதற்குமேல் காத்திருந்தால் காரியம் கைமீறிவிடும் என்கிறார். இதை உன் தாயாரிடம் சொன்னேன். அவள் அழவில்லை, "அவன எழுதச் சொல்லுங்க, அவன் எழுதுவான்" என்றாள். அன்றிலிருந்து நான் எதைச் சொன்னாலும் அந்த ஒரு பதிலைத்தான் சொல்கிறாள். தினமும் தபால்காரன் வரும் நேரத்துக்கு மனையிலிருந்து எழுந்து வீட்டுக்கு வருகிறாள், பிறகு திரும்பவும் போய் உட்காருகிறாள்.

இது கிடைத்ததும் கடிதம் எழுத உட்காராதே, தந்தி அடி. நொத்தேருக்கு, அதிகாரம் ரத்து என்ற இரண்டு சொல் போதும். குழந்தைகளைத் தினம் ஒரு வேளையாவது தமிழில் பேசச் சொல். சனிக்கிழமை எண்ணெய் ஸ்நானத்தை விடாதே. சாந்தியை எதற்கும் கடிந்து பேசாதே. நீ எந்தத் தேசத்துக்குப் போனாலும், என்ன முடிவு செய்தாலும், பெருமாள் உன்னையும் உன் மனைவி மக்களையும் தன் திருவடி நிழலில் வைத்துக் காக்க வேண்டும் என்ற என் வேண்டுதல் மாறாது. உன் தாயாரின் ஆசீர்வாதமும் அதுவே. இந்தக் கடிதத்தில் உன் தந்தை என்று எழுதிக் கையெழுத்திடுகிறேன். உன் தந்தி வராவிட்டால், மாசி முதல் வெள்ளியன்று வழக்குப் பத்திரத்தில் நான் இட வேண்டிய கையெழுத்துக்கு முன்னால் அந்தச் சொல்லை எழுத இடம் இராது.

என்றும் உன் நலம் கோரும்
உன் தந்தை,
ஆதிமூலம்.