பத்து மீட்டர் குறைந்த ஆயிரம்

செப்டம்பர் 2, புதன்

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவது என்று இன்று முடிவு செய்திருக்கிறேன். தனக்குச் சாதகமானதை மட்டும் எழுதி மற்றதை விட்டுவிடுகிற நாட்குறிப்புகளைப் படித்தால், எழுதியவர் மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. ஆகவே முதல் உண்மை: வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர் இருந்தும் எனக்கு ஒரே ஒரு தோழிதான்.

அவளை எல்லோரும் கொக்கு என்பார்கள். கால்களின் நீளம் அப்படி. இடைவேளையிலும் புத்தகம் படிப்பதால் நான் அகராதி. கொக்கு ஓடுவாள். நான் ஸ்டாப்வாட்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். விளையாட்டு டீச்சர் என்னைப் பதிவேடு எழுதப் போட்டிருக்கிறார். "ஓடத்தான் வரல, கையெழுத்தாவது நல்லா வருதே" என்றார். அதில் எனக்கு வருத்தமில்லை. ஓடுகிறவர்களைப் பக்கத்தில் நின்று பார்க்கக் கிடைக்கிறது.

செப்டம்பர் 4, வெள்ளி

ஆயிரம் மீட்டர் ஓட்டம் பற்றி எழுத வேண்டும். எண்ணூறும் ஆயிரத்து ஐந்நூறும் எல்லாப் பள்ளிகளிலும் உண்டு. நடுவில் கிடக்கிற ஆயிரத்தை யாரும் சீண்டுவதில்லை. எங்கள் பள்ளியில் மட்டும் ஏனோ ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது, அதுவும் வருடத்தில் ஒரு நாள், விளையாட்டு விழாவன்று. மைதானத்தை ஒரு முறை சுற்றினால் நானூறு மீட்டர். ஆயிரத்துக்கு இரண்டரைச் சுற்று. அந்த அரைச் சுற்றுதான் தொல்லை. முடிகிற இடம் மேடைக்கு முன்னால், கூட்டத்துக்கு நடுவில். தொடங்குகிற இடமோ எதிர்ப்பக்கம், தண்ணீர்த் தொட்டி ஓரம். அங்கே ஒரு ஈ காக்கை இருக்காது.

மாடிப்படிக்குக் கீழே சாதனைப் பலகை மாட்டியிருக்கிறது. கறுப்புப் பலகை, வெள்ளை எழுத்து. பெண்கள் ஆயிரம் மீட்டர் – 3 நிமிடம் 14.6 நொடி. இருபத்திரண்டு வருடமாக அதே பெயர்.

என் அம்மாவின் பெயர். இது கொக்குவுக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களிடம் சொன்னால், "அப்ப நீ ஏன் இப்படி?" என்று கேட்பார்கள்.

செப்டம்பர் 6, ஞாயிறு

அம்மா பேசினாள். வேறு ஊரில் ஆஸ்பத்திரி லேபில் வேலை. மாதத்துக்கு ஒரு தடவை வருவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன்.

"கொக்கு உன் ரெக்கார்டை உடைக்கப் போறாளாம்மா."

"உடைக்கட்டும். உடைஞ்சா கால்ல குத்தவா போகுது?"

அந்த ஓட்டம் எப்படி இருந்தது என்று கேட்டேன். "எதிர்ப்பக்கம் போய் நிக்கணும். கூட்டமெல்லாம் இந்தப் பக்கம். கை தட்டறது கண்ணுக்குத் தெரியும், சத்தம் வராது. அது மட்டும் ஞாபகம் இருக்கு."

பிறகு அப்பா வாங்கிப் பேசினார். அப்பா பேருந்து ஓட்டுகிறார். "நானும் தினம் இருநூறு கிலோமீட்டர் போறேன், ஒரு கப்பு குடுத்தாங்களா?" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். போனை வைத்ததும் வீடு முன்பைவிடப் பெரிதாகிவிடுகிறது. ஞாயிறுதோறும் இப்படித்தான்.

செப்டம்பர் 9, புதன்

காலைப் பயிற்சி. 3:18.0.

எதற்காக இந்த ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாய் என்று கொக்குவைக் கேட்டேன். ஷூவில் இருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னாள். "எங்க வீட்ல நான் நாலாவது பொண்ணு. அப்பா என்னைக் கூப்பிடணும்னா மூணு அக்கா பேரையும் வரிசையா சொல்லிட்டுத்தான் என்கிட்ட வருவாரு. பலகையில எழுதிட்டாங்கன்னா தேட வேண்டாம்ல?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

செப்டம்பர் 11, வெள்ளி

3:16.1. கொக்கு புல்லில் மல்லாந்து படுத்து, "இன்னும் ஒண்ணரை" என்று வானத்திடம் சொன்னாள்.

செப்டம்பர் 17, வியாழன்

நாளை விழா. தொடர் ஓட்டத்துக்கும் மற்றவற்றுக்கும் டீச்சர் சுண்ணாம்புக் கோடுகள் போட்டார். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஆயிரத்தின் தொடக்கக் கொடியை நடும் வேலை எனக்கு. அங்கே தொடர் ஓட்டக்காரர்கள் கட்டையைக் கை மாற்றுகிற இடமும் இருக்கிறது. ஆகவே மூன்று கோடுகள், பத்துப் பத்து மீட்டர் தள்ளி. வெயில் சாய்ந்துவிட்டது, கண் கூசியது. தனியாகப் போனேன், சிவப்புக் கொடியை நட்டேன், தனியாகத் திரும்பினேன். நாளை அந்த இடத்தில் கொக்கு நிற்பாள் என்று நினைத்தபோது அந்த மூலை அவ்வளவு வெறிச்சென்று தெரியவில்லை.

செப்டம்பர் 18, வெள்ளி

3 நிமிடம் 13.8 நொடி.

என் கையில் இருந்த வாட்சிலும் அதே. டீச்சரின் வாட்சிலும் அதே. ஐந்து பேர் ஓடினார்கள், கடைசிச் சுற்றில் அவள் மட்டும் தனியாக வந்தாள். கோட்டைத் தாண்டியவள் டீச்சரிடம் போகவில்லை, என் மேல் வந்து விழுந்தாள். வேர்வையும் புல்லும் ஒட்டிய சட்டை. "எவ்ளோ? எவ்ளோடி?" வாட்சைக் காட்டினேன். அவளுடைய அப்பா வேலியோரம் நின்று கூப்பிட்டார். முதல் தடவையிலேயே சரியான பெயர்.

பேனர் எழுத வந்திருந்த பெயிண்டரை டீச்சர் விடவில்லை. கையோடு பலகைக்குக் கூட்டிப்போனார். பெயிண்டர் அம்மாவின் பெயர் மேல் கறுப்பு அடித்து, கொஞ்ச நேரம் ஊதிக் காயவைத்து, கொக்குவின் பெயரை எழுதினார். வலித்ததா? வலித்தது. ஒளிக்காமல் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேனே. ஆனால் சந்தோஷம் அதைவிடப் பெரிது. இதுவும் உண்மை.

செப்டம்பர் 19, சனி

கொடிகளை எடுத்து வைக்கப் போனேன். மைதானத்தில் யாரும் இல்லை.

சிவப்புக் கொடி மூன்றாவது கோட்டில் நிற்கிறது.

நடுக்கோட்டில்தானே நட வேண்டும்? நடுக்கோடுதான் சரியாகப் பாதி மைதானம். மூன்றாவது, ஓடுகிற திசையில் அதற்கு முன்னால். நான் எதைப் பார்த்து நட்டேன்? வெயிலில் முதல் கோடு கண்ணில் படாமல், இரண்டை ஒன்று என்றும் மூன்றை நடு என்றும் எண்ணிவிட்டேனா? டேப்பை எடுத்துவந்து அளந்தேன். பத்து மீட்டர். மறுபடி அளந்தேன். பத்து மீட்டர்தான். மேடைப் பக்கமிருந்து கொடியைப் பார்த்துத்தான் ஓட்டத்தைத் தொடங்கி வைத்தார்கள். அந்தப் பக்கம் நின்று சரிபார்க்க வேறு யாரும் இல்லை.

அவள் ஓடியது தொள்ளாயிரத்துத் தொண்ணூறு. அவள் வேகத்துக்குப் பத்து மீட்டர் என்றால் ஏறக்குறைய இரண்டு நொடி. கணக்கை மூன்று விதமாகப் போட்டுப் பார்த்தேன். மூன்றிலும் அம்மாவுக்குப் பின்னால்தான் வருகிறாள்.

கடவுளே, நான் என்ன பண்ணி வெச்சிருக்கேன்.

செப்டம்பர் 20, ஞாயிறு

அம்மா: "அந்தப் பொண்ணுகிட்ட எனக்கு ரொம்ப சந்தோஷம்னு சொல்லு. மறந்துடாதே."

நான்: "ம்."

"குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு? சாப்பிட்டியா?"

"ம்."

சொல்லவில்லை. சொன்னால் அம்மாவின் பெயருக்காகச் சொன்னதாகிவிடும். சொல்லாவிட்டால் கொக்குவுக்காகப் பொய். இந்த இரண்டுக்கும் நடுவில் நான் எங்கே?

செப்டம்பர் 21, திங்கள்

சொல்லிவிட்டேன். ஆனால் தப்பான ஆளிடம் முதலில் சொன்னேன். கொக்குவிடம் போயிருக்க வேண்டும். அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து டீச்சரின் அறைக்குப் போய்விட்டேன்.

டீச்சர் பந்துகளை எண்ணிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடித்ததும் எண்ணிக்கை விட்டுப்போனது.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு மட்டும்."

"இப்ப எனக்கும் தெரிஞ்சு போச்சே. ஏண்டி, நீ ஒருத்தி தூங்காம இருந்தா பத்தாதா?" ஒரு பந்தைக் கையில் உருட்டினார். பிறகு, "நானும் போய்ப் பார்த்திருக்கணும். அந்தப் பக்கம் யாரு போறா" என்றார். டேப்பை எடுத்துக்கொண்டார். நானும் கூட நடந்தேன். அளந்தார்.

மதியம் கொக்குவைக் கூப்பிட்டனுப்பினார். சாயங்காலம் அவள் வாசலில் எனக்காகக் காத்திருந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் பேசினாள்.

"கொடி நட்டது நீ. அளந்தது நீ. போய்ச் சொன்னதும் நீ. ஓடினது மட்டும்தான் நான்."

போய்விட்டாள். நான் அந்த வாக்கியத்தில் ஒரு பிழையாவது கிடைக்காதா என்று வீடு வரை தேடிக்கொண்டே வந்தேன். இல்லை.

செப்டம்பர் 22, செவ்வாய்

பலகையில் இருந்தது என் அம்மா என்பது வகுப்பு முழுவதும் தெரிந்திருக்கிறது. கொக்குதான் சொல்லியிருக்க வேண்டும். அவள் மேல் கோபம் வரவில்லை. அவளுக்கும் சொல்ல ஏதாவது வேண்டுமே.

எனக்குப் புதுப் பெயர் இஞ்ச் டேப். "இஞ்ச் டேப், என் பெஞ்சு கொஞ்சம் குறைச்சலா இருக்கற மாதிரி இருக்கு, அளந்து பாரேன்." "அம்மா பேருன்னா மட்டும் கண்ணு நல்லாத் தெரியுது பார்." கணக்கு டீச்சர் உள்ளே வந்த பிறகும் பின்வரிசையில் சிரிப்பு அடங்கவில்லை. கொக்கு சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. அவள் இடத்தை மூன்றாவது வரிசைக்கு மாற்றிக்கொண்டுவிட்டாள்.

செப்டம்பர் 23, புதன்

இன்று யாரிடமும் பேசவில்லை. வருகைப் பதிவுக்கு "உள்ளேன்" என்றது தவிர.

செப்டம்பர் 25, வெள்ளி

ஸ்டாப்வாட்சை டீச்சரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பதிவேடு மட்டும் என்னிடம் இருக்கட்டும் என்றார். செப்டம்பர் 18-க்கு நேரே என் கையாலேயே ஒரு கோடு போட்டேன். 'தூரம் குறைவு. கொடி நட்டவரின் தவறு' என்று எழுதினேன். கொடி நட்டவர் யார் என்றும் எழுதினேன்.

செப்டம்பர் 27, ஞாயிறு

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. வகுப்பில் என்னைக் கேலி செய்வதையும் சொன்னேன். அம்மா குறுக்கே பேசவில்லை. லேபில் ஏதோ மெஷின் பீப் பீப் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது, அவள் அதன் பக்கம் போகவும் இல்லை.

"என் பேரை மறுபடி எழுதிட்டாங்களா?" என்றாள்.

"பெயிண்டர் அடுத்த வருஷம்தான் வருவாராம்."

"அப்ப எழுத வேண்டாம்னு டீச்சர்கிட்ட சொல்லு. காலியாவே இருக்கட்டும். எனக்காக நீ சொன்னதா ஒருத்தரும் சொல்ல முடியாதுல்ல?" பிறகு குரல் தாழ்ந்தது. "இந்த நேரத்துல நான் அங்க இருந்திருக்கணும்."

நான் போனை வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் மெஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

செப்டம்பர் 29, செவ்வாய்

பலகையில் கொக்குவின் பெயர் மேலும் கறுப்பு அடித்தாயிற்று. டீச்சரே அடித்தார், ஓரத்தில் பிசிறு தெரிகிறது. பெண்கள் ஆயிரம் மீட்டர் என்பதற்கு நேரே ஒன்றும் இல்லை. சாய்ந்து பார்த்தால் கறுப்புக்குள் இரண்டு பெயர்களும் மேடாகத் தெரிகின்றன, ஒன்றின் மேல் ஒன்று. இடைவேளை முழுவதும் அங்கேயே நின்றேன். வேறு எங்கே போவது?

அக்டோபர் 1, வியாழன்

காலையில் வகுப்புக்குள் போனபோது என் மேசையில் ஸ்டாப்வாட்ச் இருந்தது.

கீழே சீட்டு எதுவும் இல்லை. கயிறு ஈரமாக இருந்தது. எண்ணை அழிக்கவில்லை: 3:15.2.

திரும்பிப் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் கொக்கு குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. வாட்ச் பிடிக்க ஆள் இல்லாமல், டீச்சரிடம் அதை வாங்கித் தன் கையிலேயே பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். தொடக்கத்தில் தானே அமுக்கி, முடிவில் தானே அமுக்கி. இரண்டரைச் சுற்றும் தனியாக.

மணி அடித்துவிட்டது. அவள் நிமிரவில்லை.

சாயங்காலம் எல்லோரும் போனபின் எதிர்ப்பக்கம் நடந்து போனேன். தண்ணீர்த் தொட்டி ஓரம் சுண்ணாம்புக் கோடுகள் பாதி அழிந்திருந்தன. சிவப்புக் கொடி நடுக்கோட்டில் நின்றது. சந்தேகத்துக்கு அளந்தும் பார்த்தேன். சரியாக இருக்கிறது.

அம்மாவைவிட 0.6 நொடி அதிகம். இது சாதனை இல்லை, பதிவேட்டில் ஏறாது. யாரும் பார்க்காதது, சாட்சி இல்லாதது. ஆகவே இங்கே எழுதுகிறேன்: ஆயிரம் மீட்டர், முழுத் தூரம், 3 நிமிடம் 15.2 நொடி.

நாளைக் காலை ஆறு மணிக்கு மைதானத்துக்குப் போவேன். அவள் வருவாளா, வந்தால் பேசுவாளா, தெரியாது. வாட்சைக் கொண்டுபோவேன். எண்ணை அழிப்பதா வேண்டாமா என்பதை அவளே சொல்லட்டும்.

அப்பா இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டார். "காலையில முதல் வண்டி எனக்கு, போதும் படு" என்றார். அறை விளக்கை அணைத்துவிட்டார். கூடத்து வெளிச்சத்தில் இந்த ஒரு வரியை எழுதுகிறேன். இப்போது அதையும் அணைத்துவிட்டா